மீன் போன வழி

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில், சாலை முடிகிற இடத்தில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் ஒரே எழுத்து. அவர்களுடைய அரிச்சுவடியின் கடைசி எழுத்து அது. நம் காதுக்கு ‘ஓ’ என்று கேட்கிறது. ஓடை என்று பொருள். நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் நம்முடைய ‘ஓ’வும் உண்டு. மதகில் நீரைத் தாங்கும் பலகை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அங்கே ஓடுகிற நீர், இங்கே அதைத் தாங்குகிற பலகை. இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை என்று தெரிந்திருந்தும், ஊர்ப்பெயர்ப் பலகைக்கு அடியில் நின்று இதை நினைத்தபோது மனம் நிறைந்துபோனது.

நார்வே போகிறேன் என்றதும் போய்வந்தவர்கள் எல்லாரும் ஃபியோர்டுகளைத்தான் சொன்னார்கள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்குகளில் நேரோய்ஃபியோர்டு மிகக் குறுகியது. ஓரிடத்தில் அகலம் 250 மீட்டர்தான். அதன் பக்கத்திலேயே ஃப்ளாம் ரயில் 20 கிலோமீட்டருக்குள் 860 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: வடக்கே லோஃபோட்டனில் தொடங்கித் தெற்கே பெர்கன் வரை, காய்ந்த மீன் போன பாதையிலேயே போங்கள். அந்த நாட்டின் கதை அந்தப் பாதையில்தான் கிடக்கிறது.

நான் போனது மே மாதத் தொடக்கம். பூடோ துறைமுகத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேலான படகுப் பயணம். தீவுகள் தெரிவதற்கு முன்பே கடலுக்கு மேல் ஒரு சுவர் எழும்புகிறது. நெருங்கினால்தான் அது பனி படிந்த மலைவரிசை என்று புரிகிறது. கரையிறங்கியதும் முதலில் வந்தது வாசனை. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அது நம் கருவாடு இல்லை. உப்பு ஒரு கல்கூட அதில் படுவதில்லை. நம் ஊர் வெயிலும் அங்கே கிடையாது. குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட இங்கே வரும் காட் மீனைப் பிடித்து, தலையை நீக்கி, இரண்டிரண்டாக வால்களைச் சேர்த்துக் கட்டி, மரக்கழிப் பந்தல்களில் தொங்கவிட்டு விடுகிறார்கள். பிப்ரவரி தொடங்கித் தொங்குகிற மீன் மே, ஜூன் வரை அப்படியே காற்றில் கிடக்கிறது. குளிர் கடுமையாக இருந்தால் சதை உறைந்து கெடும். கொஞ்சம் கூடுதலாக வெயில் அடித்தால் ஈ மொய்க்கும். துருவ வட்டத்துக்கும் வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் இந்தத் தீவுகளில் குளிர்காலம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. அந்த ஒரு காரணத்தால்தான் இந்தத் தொழில் ஆயிரம் ஆண்டாக இங்கே நடக்கிறது. காய்ந்த மீன் விறகுக்கட்டை போல ஆகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. தலைகளைத் தனியே கோத்து உலர்த்தி நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது. இத்தாலியோடு உறவு எப்படி வந்தது என்று கேட்டால், 1432இல் கப்பல் உடைந்து இந்தப் பக்கத்துத் தீவொன்றில் ஒதுங்கிய பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரை மீனவர்கள் காப்பாற்றிய கதையை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

பந்தல்களுக்கு அடியில் நடந்து பாருங்கள். தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான மீன்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசி மெல்லத் தட்டிக்கொள்ளும். உலர்ந்த பனையோலை அசைகிற ஓசைக்கு வெகு அருகில் வரும் ஓசை அது. மலையையும் சிவப்பு மரவீடுகளையும் படமெடுக்கிறவர்கள் இதற்குக் காது கொடுக்காமல் போய்விடுகிறார்களே என்று வருத்தமாக இருந்தது. அந்தச் சிவப்பு வீடுகளும் மீனவர் குடில்கள்தான். பருவத்துக்குத் துடுப்புப் போட்டு வந்த மீனவர்கள் ஒண்டிக்கொள்ள 1120 வாக்கில் அரசர் ஓய்ஸ்டைன் கட்டச் சொன்னதிலிருந்து அந்த வழக்கம் தொடங்குகிறது. இன்று அவை பயணிகளுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு ராத்திரியாவது அதில் தங்குங்கள். தரைப்பலகைக்குக் கீழே கடல் வந்து மோதுவது காலில் தெரியும்.

அங்கிருந்து தெற்கே போக, 1893இல் தொடங்கிய கடலோரக் கப்பல் சேவை இருக்கிறது. துருவ வட்டத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு பாறைத்தீவின் மேல் உலக உருண்டையொன்று நிற்கும். காலையில் த்ரோண்ட்ஹைமில் கப்பல் நிற்கிற நேரத்தில் நிதாரோஸ் பேராலயத்தைப் பார்த்து வரலாம். மற்றபடி கடலும் தீவுகளும்தான்.

பெர்கனில் இறங்கினால் ப்ரிக்கென். துறைமுகத்தை ஒட்டி முக்கோண முகப்போடு வரிசையாக நிற்கும் மரவீடுகள்; 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. எல்லாரும் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உள்ளே சந்துகளுக்குள் போக வேண்டும். 1360 வாக்கிலிருந்து 1754 வரை ஹான்ஸா என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வணிகர்களின் கிடங்கு இது. அவர்களுடைய முத்திரையிலேயே கழுகுக்குப் பக்கத்தில் மகுடம் சூடிய காய்ந்த மீன் இருந்தது. வடக்கே தானியம் விளையாது. மீனை வாங்கித் தானியத்தைக் கடனாகக் கொடுத்தார்கள். அந்தக் கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. இந்த வீடுகளின் அழகை ரசிக்கும்போது எனக்கு அந்த மீனவர்களே நினைவில் நின்றார்கள். தீ விபத்துக்குப் பயந்து கிடங்குகளில் விளக்கோ அடுப்போ ஏற்றக்கூடாது என்று விதி இருந்தது. குடும்பமில்லாமல் வந்த ஆட்களும் பயிற்சிப் பையன்களும் பெர்கன் குளிரில் கணப்பில்லாமல் படுத்தார்கள். நெருப்புள்ள பொதுக்கூடம் பின்னால் தனியே இருந்தது. அவ்வளவு காத்தும் 1702இல் நகரம் பற்றி எரிந்தது. பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியதைத்தான் இன்று பார்க்கிறோம்.

பெர்கனில் நான் தங்கியது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அண்ணன் வீட்டில். எண்பதுகளின் கடைசியில் அவர் முதலில் வேலை பார்த்தது வடகோடியில், ஃபின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில். அவரைப்போல ஈழத்திலிருந்து வந்த பலருக்கு அந்த மீன்தான் முதல் சம்பளம் தந்தது. “இருட்டில வேலைக்குப் போய் இருட்டிலயே திரும்புவம். சூரியன் வாற நாளுக்கு எல்லாரும் கதவைத் திறந்து கொண்டு நிப்பம்” என்றார்.

ஓ ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சோடி மீனை அவரிடம் கொடுத்தேன். வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கழுத்துப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்.

“நல்ல மீன் தம்பி. ஒரு கிழமை தண்ணியில ஊறப் போட வேணும். ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்த வேணும். நிண்டு சாப்பிட்டிட்டுப் போங்கோவன்.”

எனக்கு மறுநாள் காலை விமானம். அவர் அன்றிரவே பெரிய சட்டியொன்றை எடுத்து, மீனைப் போட்டுத் தண்ணீர் நிரப்பினார்.