கட்டுநாயக்கவிலிருந்து லுணுகலை வரை

 

பதுளையிலிருந்து பசறை வழியாக எங்கள் லுணுகலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு என்று வளைந்து வளைந்து வரும் பாதையில் அந்த 40 கிலோமீட்டரும் நூறாகத் தோன்றும். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை என்று ஏறி இறங்கும் இந்த வீதி, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு பிபிலைக்கு இறங்கி, மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடியில் போய் முடிகிறது. பாங்கொலியும் கோயில் மணியும் விகாரையின் பிரித் ஓசையும் ஒரே காற்றில் வந்து சேரும் மலையூர் இது.

இவ்வூரில் பல வீடுகளின் சுவரும் கூரையும் பெண்களின் வியர்வையால் எழுந்தவை. சவூதி, குவைத், துபாய், கட்டார் என்று போய் உழைத்த தாய்மாரும் சகோதரிகளும் அனுப்பிய காசு அது. முஸ்லிம் வீடுகளில் மட்டுமல்ல, சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களிலும் இதே கதைதான். ஒரு பெண் தனியே பிரயாணம் செய்வது பற்றி மார்க்க அறிஞர்கள் பேசும் பேச்சை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. போய்விட்ட சகோதரி பத்திரமாகத் தன் வாசற்படியை மிதிக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் கவலை. அவளது பிரயாணத்தில் ஆபத்து மிகுந்த பகுதி ஆகாயத்தில் இல்லை. விமானம் இறங்கிய பிறகு, கட்டுநாயக்கவின் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள தரைப் பாதையில்தான் இருக்கிறது.

என் ராத்தாவின் மூன்றாவது பெட்டி

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2006 இல் என் மூத்த ராத்தா சவூதியில் நான்கு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பினார். அப்போது நான் மதுரஸாவில் ஓதி வெளியாகி, மௌலவி ஆசிரியராகப் புதிதாக நியமனம் பெற்றிருந்தேன். "தம்பி, நீ எயார்போட்டுக்கு வருவாய்தானே?" என்று தொலைபேசியில் கேட்டார். பாடசாலையில் பரீட்சை நடக்கிறது, லீவு எடுக்க முடியாது என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் தலை குனிகிறேன்.

நள்ளிரவு தாண்டி விமானம் இறங்கியது. ராத்தாவிடம் நீலக் கயிறு கட்டிய மூன்று பெட்டிகள். வெளியே வந்ததும் ஒருவர் ஓடிவந்து தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். "பதுளைக்கா? வாங்க ராத்தா, ஒன்பதாயிரம் ரூபா தந்தால் போதும்" என்றார். தமிழில் பேசினார், ராத்தா என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லை நம்பி வேனில் ஏறிவிட்டார் என் சகோதரி.

விடிந்து பலாங்கொடை வந்ததும் பேச்சு மாறியது. பேசிய கட்டணம் பதுளைக்குத்தானாம், லுணுகலை வேறாம், பெட்டிகளுக்கும் தனியாம். இன்னும் ஐயாயிரம் கேட்டார். ராத்தாவின் கையில் ரியால்தான் இருந்தது. சாரதி சொன்ன விலைக்கே அதை மாற்ற வேண்டியதாயிற்று. பதுளைக்கு வந்ததும், அதற்கு மேல் பாதை சரியில்லை என்று சொல்லி பஸ் நிலையத்தின் அருகே, கொட்டும் மழையில் இறக்கிவிட்டார். இரண்டு பெட்டிகள் இறங்கின. மூன்றாவதை இறக்குமுன் வேன் புறப்பட்டுவிட்டது.

வேனின் இலக்கம் என்ன? தெரியாது. சாரதியின் பெயர்? தெரியாது. நனைந்து நின்ற அவருக்கு உதவியது, பசறைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவரும் அவருடைய மகனும்தான். பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றி, பக்கத்தில் அமர்ந்து, கண்ணீரையும் துடைத்துவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நல்லருள் புரிவானாக!

மூன்றாவது பெட்டியில் இருந்தது ஒரு தையல் இயந்திரம். "இனி வெளிநாடு வேண்டாம், வீட்டிலிருந்தே தைத்துப் பிழைத்துக்கொள்வேன்" என்று நான்கு வருடக் கனவாக அவர் சுமந்து வந்தது. அது போனது. கையிலிருந்த காசிலும் ஒரு பங்கு போனது. அந்த வருடம் முடியுமுன் ராத்தா மீண்டும் இரண்டு வருடத்துக்கு விமானம் ஏறினார். ஒரு தவறான வேன், ஒரு தாயின் இரண்டு வருடத்தைத் தின்றுவிட்டது!

புறப்படுமுன்

சகோதரிகளே! வாகனத்தைத் தெரிவு செய்வது கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லை, பெட்டி கட்டும்போதே தொடங்குகிறது. உங்கள் பயணச்சீட்டு எத்தனை கிலோவை அனுமதிக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அத்தனையையும் உங்களால் தனியே தூக்க முடியுமா என்று பாருங்கள். பெட்டியை பஸ் படியின் உயரத்துக்கு ஒரு முறை தூக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் நீங்கள் பஸ்ஸையும் ரெயிலையும் மறந்துவிட வேண்டியதுதான். பிறர் தரும் மூடிய பொதிகளை ஒருபோதும் ஏற்காதீர்கள். கடவுச்சீட்டு, பணம், நகை, மருந்து ஆகியவை பெட்டிக்குள் போகக் கூடாது, உடலோடு ஒட்டிய சிறு பையில் இருக்க வேண்டும்.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைச் சீட்டு வாங்கும்போதே கவனியுங்கள். விடியற்காலையில் இறங்கினால் பகலிலேயே மலையேறிவிடலாம். மாலையில் இறங்கினால் பதுளை மாவட்டத்துப் பாதைகளை இருளில் கடக்க நேரும். அது சாதாரண விஷயமல்ல. 2021 மார்ச் 20 ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13 ஆம் கட்டைக்கு அருகில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் மாண்டனர். அது பகல் வேளை. வீதியில் சரிந்து கிடந்த பாறை பாதையை ஒடுக்கியிருந்த இடம் அது. 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 உயிர்கள் போயின. பகலிலேயே கவனம் வேண்டிய பாதையில், தூக்கம் கெட்ட சாரதியோடு இரவில் ஏன் போக வேண்டும்?

என்னென்ன வழிகள்?

முதல் வழி, வீட்டார் வந்து அழைத்துப் போவது. ஊரில் தெரிந்த ஒருவரின் வேன், கூடவே தம்பியோ மகனோ. இதற்கு இணையான வழி கிடையாது. செலவு அதிகம் என்று தோன்றும். ஆனால் அதே நாளில் வரும் பசறை, மடுல்சீமை, பிபிலைப் பெண்களை விசாரித்து இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் பங்குக்குச் சிறு தொகைதான் வரும். அவர் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்று பார்க்க வேண்டாம். பாதை ஒன்று, பாரமும் ஒன்று.

இரண்டாவது, விமான நிலையத்தின் உள்ளேயே இருக்கும் டாக்ஸி கவுண்டர்கள். அங்கே கட்டணத்தை முன்கூட்டியே அறிந்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வெளியே ஓடிவந்து பெட்டியைப் பிடிப்பவரை விட இது மேல்.

மூன்றாவது, கைத்தொலைபேசியில் வாகனம் அழைக்கும் முறை. பிக்மீ, ஊபர் இரண்டும் 2015 முதல் நம் நாட்டில் இயங்கி வருகின்றன. சாரதியின் பெயர், வாகன இலக்கம், கட்டணம் மூன்றும் திரையில் தெரியும். பயணத்தின் விபரத்தை வீட்டுக்கும் அனுப்பி வைக்கலாம். என் ராத்தாவுக்கு அன்று இல்லாமல் போனது இதுதான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சிறிய காரை அழைத்தால் பெட்டிகள் கொள்ளாது, வேனை அழையுங்கள். அத்தோடு, லுணுகலை வரையிலான நெடுந்தூரத்துக்கு எல்லாச் சாரதிகளும் சம்மதிப்பதில்லை. ஆகவே கொழும்பு, நீர்கொழும்பு போன்ற அருகிலுள்ள இடங்களுக்கே இம்முறை மிகப் பொருந்தும். முச்சக்கரவண்டியில் போக நினைத்தால், அதிவேகப் பாதையில் அதற்கு அனுமதி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையை விட்டுப் பழைய வீதியால்தான் அது போக வேண்டும்.

நான்காவது, பஸ். கட்டுநாயக்கவிலிருந்து 187 ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து 99 ஆம் இலக்க பஸ்ஸில் இரத்தினபுரி, பலாங்கொடை, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளை, பின்பு லுணுகலை பஸ். காசு மிச்சம், உண்மை. ஆனால் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்டிகளை எண்ண வேண்டும். ஒரே ஒரு சிறு பெட்டியும் பகல் நேரமும் இருந்தால் போகலாம். இரண்டு பெரிய பெட்டிகளோடு தனித்த பெண்ணுக்கு இது உகந்ததல்ல.

ஐந்தாவது, ரெயில். 1924 இல் பதுளைக்கு வந்து சேர்ந்த அந்தப் பாதை அழகுக்குப் பேர் போனது. ஆனால் கோட்டை நிலையத்தில் பெட்டிகளோடு மேம்பாலம் ஏறி இறங்கவும், பதுளையில் இறங்கி மறுபடி பஸ் பிடிக்கவும் உடம்பில் பலம் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வீசிய டித்வா புயலின் மண்சரிவுகளால் மலைநாட்டு ரெயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எனவே ரெயில் எதுவரை போகிறது என்று விசாரித்த பின்பே தீர்மானியுங்கள். மழைக்காலத்தில் வீதியைப் பற்றியும் அப்படியே விசாரியுங்கள்.

இரவில் இறங்கினால்

அகால வேளையில் இறங்கினால் அவசரப்படாதீர்கள். விமான நிலையத்தில் விளக்கு இருக்கிறது, பாதுகாவலர் இருக்கிறார்கள், தொழுவதற்கும் இடம் இருக்கிறது. சுபஹ் வரை அங்கேயே அமர்ந்திருப்பது வெட்கமல்ல. குழந்தை கூட இருந்தாலோ உடல் சோர்ந்திருந்தாலோ நீர்கொழும்புப் பக்கத்தில் முன்பே ஓர் அறை ஏற்பாடு செய்யுங்கள். விமான நிலையத்திலிருந்து அது சுமார் 10 கிலோமீட்டர்தான். அறை எடுக்கும்போதே, "உங்கள் வாகனம் வந்து அழைத்துப் போகுமா? கட்டணம் உண்டா? எத்தனை பெட்டி ஏற்றலாம்? சாரதியின் பெயர் என்ன?" என்று கேட்டு விடுங்கள். சில விடுதிகள் இலவசமாகவும் அழைத்துப் போவதுண்டு. காலையில் வீட்டார் அங்கு வந்து சேரட்டும்.

சாரதியோடு பேச வேண்டியவை

எந்த வாகனமானாலும் ஏறுமுன் பேசுங்கள். "பதுளைக்கு" என்று சொல்லாதீர்கள், "லுணுகலையில் எங்கள் வீட்டு வாசல் வரை" என்று சொல்லுங்கள். அதிவேகப் பாதைக் கட்டணம், வாகனத் தரிப்புக் கட்டணம், பெட்டிகள் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். வாகன இலக்கத்தை அவர் முன்னிலையிலேயே வீட்டுக்கு அனுப்புங்கள். நேர்மையான சாரதி இதற்குக் கோபிக்க மாட்டார். பின் ஆசனத்தில் அமருங்கள். எத்தனை வருடம் உழைத்தீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள் என்ற பேச்சு வேண்டாம். தொழுகைக்கு எங்கே நிறுத்துவது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு கூச்சம் இருக்காது. இறங்கும்போது எல்லாப் பெட்டிகளும் தரைக்கு வந்த பின்பே மிகுதிக் காசைக் கொடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

அழைத்துப் போக யாருமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் கிடைக்காமல், உடல்நலம் கெட்டு, வெறுங்கையோடு திரும்புவோரும் இருக்கிறார்கள். அவர்கள் தயங்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இத்தகையோருக்காக விமான நிலையத்துக்கு அருகில் "சஹன பியச" என்ற தங்குமிடத்தை நடத்துகிறது. பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. ஆபத்தென்றால் பொலிஸ் 119. இந்த இரண்டு எண்களையும் தொலைபேசியில் மட்டுமல்ல, ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி வைத்திருங்கள்.

கணவருக்கும் தம்பிக்கும்

இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவள் அனுப்பிய காசில் கூரை போட்டவர்கள், அவள் வரும் நாளில் ஒரு நாள் லீவு போட முடியாதா? பரீட்சை நடந்தது என்று நான் சொன்னேன். என்னிடத்தில் இன்னொரு ஆசிரியர் நின்றிருப்பார். ராத்தாவின் தம்பியிடத்தில் நிற்க வேறு யாரும் இருக்கவில்லை.

இரண்டாம் முறை அவர் திரும்பியபோது நானே வாசலில் நின்றேன். இப்போது ராத்தா வீட்டில் தைக்கிறார். நம் பக்கத்துப் பெண் யாராவது வருகிறாள், அழைத்து வர ஆள் போதாது என்று கேள்விப்பட்டால் அவரே வேனில் ஏறிக் கட்டுநாயக்கவுக்குப் புறப்பட்டுவிடுவார். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பொதி கட்டி, சுடுநீர்ப் போத்தலில் பிளேன்டீயும் ஊற்றிக்கொள்வார். சென்ற தடவை ஒரு தோட்டத்துப் பிள்ளையை அழைத்து வரப் போனபோது நானும் கூடப் போனேன். அந்தப் பிள்ளை வெளியே வந்ததும் ராத்தா முதலில் கேட்டது, "மகள், எத்தனை பெட்டி?" என்பதுதான். ஒவ்வொன்றாக எண்ணி ஏற்றினார். லுணுகலையில் அவளுடைய லயத்து வாசலில் மறுபடி எண்ணி இறக்கினார். கணக்குச் சரியாக இருந்தது.

தூரத்தில் உழைக்கும் நம் பெண்கள் எல்லோரையும் அல்லாஹ் இப்படியே பத்திரமாக வீடு சேர்த்து வைப்பானாக! ஆமீன்.