ஒரு பெயரின் நெடும் பயணம்

மனிதர் தேசம் விட்டுத் தேசம் செல்லும்போது அவர்தம் உடையும் நடையும் மாறுவதுண்டு. பெயர்களும் அவ்வாறே. எபிரேய மொழியிற் பிறந்த ‘யோகனான்’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘யோ’ என்பது இறைவன் திருநாமத்தின் சுருக்கம். ‘கனான்’ என்பது அருள்புரிந்தான் எனப் பொருள்படும். அன்னாள் என்ற பெண்பெயரும் இவ்வேர்ச்சொல்லிற் கிளைத்ததே.

முதுமையில் மகவு பெற்ற சக்கரியா, எலிசபெத்து தம்பதியரின் மைந்தனுக்கு இப்பெயர் சூட்டப்பட்டதை லூக்கா நற்செய்தி கூறும். சுற்றத்தார் தந்தையின் பெயரையே இட விரும்பினர். பேச்சிழந்திருந்த தந்தையோ, பலகையில் இப்பெயரை எழுதிக் காட்டினார். பெயரிடுவதில் உறவினர் வழக்காடுவது இன்று நேற்று வந்ததன்று!

கிரேக்கத்தில் யோவான்னெஸ் ஆகிய இப்பெயர், இலத்தீன் வழியாக மேலைநாடுகளிற் பரவிற்று. ஆங்கிலேயர் ஜோன் என்றனர். பிரெஞ்சுக்காரர் ழான் என்றனர். ருஷியர் இவான் என்றனர். அயர்லாந்தினர் ஷோன் என்றனர். நமது இலங்கையிலும், 1557இல் ஞானஸ்நானம் பெற்ற கோட்டை மன்னன் தர்மபாலன், தொன் ஜுவான் எனப் பெயர் பூண்டான்.

தமிழிலோ இப்பெயர் இரு வழியிற் சென்றது. புரட்டஸ்தாந்தர் ஒலியைப் பேணி யோவான் என்றனர். கத்தோலிக்கர் பொருளைப் பெயர்த்து அருளப்பர் என வழங்கினர். போர்த்துக்கல்லிற் பிறந்து, 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜோன் டி பிரிட்டோ அடிகளாரும் தமிழ்மக்களுக்கு அருளானந்தரே.

எங்கள் பாட்டனாரின் பெயர் அருளப்பு. என் தமக்கையாரின் பேரன் கனடாவிற் பிறந்தபோது, காதுக்கு இனிதாயிருக்கிறது என்று ஷோன் எனப் பெயரிட்டனர். “அப்புவின் பெயர் எங்கள் குடும்பத்தில் இனி இல்லையே!” என்று தமக்கையார் பல நாள் உளம் நொந்தார். ஷோனும் அருளப்புவும் ஒரே பெயர்தான் என்று நான் விளக்கினேன். சற்று நேரம் மௌனமாயிருந்தவர், “பொருள் ஒன்றாயிருக்கலாம் தம்பி, ஆனால், அதைப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் வேண்டுமே” என்றார்.

அவர் கூறியது உண்மை. பொருளைச் சொல்வாரில்லையேல் பெயர் வெறும் ஓசையாகிவிடும். இப்போது அச்சிறுவனுக்கு வயது ஐந்து. ஞாயிறுதோறும் தொலைபேசியில் தமக்கையார் அவனை ‘அருள்’ என்றே அழைக்கிறார். ஏன் அப்படி அழைக்கிறீர்கள் என்று அவன் கேட்கத் தொடங்கிவிட்டான்.