பிரேக் இல்லாத மீன்



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நீ மெக்கானிக்கல் பையன், இன்ஜினைப் பத்தி ஏதாவது எழுதுடா" என்றார்கள் தோழர்கள். நானோ மீனைப் பற்றி எழுதப்போகிறேன். ஆனால் பயப்பட வேண்டாம். இதிலும் ஆக்ஸிலேட்டர் உண்டு, பிரேக் உண்டு!

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை எங்கள் ஊர். படிப்படியாக இறங்கும் வயல்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு, காலையில் இறங்கும் மூடுபனி, இவைதான் எங்கள் சொத்து. என் பெரியப்பா அந்த வயல்களில் செருப்புப் போடாமல் நடந்தே வயதானவர். அவருடைய வலது கால் பெருவிரல் நகத்தடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. "மம்பட்டி பட்ட ரத்தக்கட்டுதான்" என்று ஒரு வருஷம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இருந்தார். கோடு அகலமாகி, நகம் பிளந்து, நீர் வடிந்த பிறகுதான் மதுரைக்கு வர ஒத்துக்கொண்டார். சதையில் சிறிது எடுத்துச் சோதித்த டாக்டர் மெலனோமா என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் அது. விரலை எடுத்துவிட்டார்கள்.

விரல் போனது பெரிதில்லை. அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. "வம்சத்துல புத்து இருக்காம்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏப்பா, நீ படிக்கிற புள்ள. வெயில்ல கெடந்ததால வந்துச்சா? இல்ல நம்ம வம்சத்துலயே இருக்கா? என்ன பாவம்பா செஞ்சோம்?"

மூன்று கேள்விகள்! என் டிப்ளமோ புத்தகங்களில் பதில் இல்லை. பெரியப்பாவுக்குத் துணையிருந்த நாட்களில் மதுரை நூலகத்தில் தேடிப் படித்தேன். அங்கேதான் அந்த மீனைச் சந்தித்தேன்.

கலர் மீன் கடைகளில் பிளாட்டி, வாள்வால் என்று இரண்டு மீன்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகள். சில பிளாட்டிகளின் முதுகுத் துடுப்பில் மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளியால் மீனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் மைரன் கார்டனும், ஜெர்மனியில் ஹாய்ஸ்லரும் கர்ட் காஸ்விக்கும் ஒரு விந்தையைக் கண்டார்கள். புள்ளி பிளாட்டியை வாள்வால் மீனோடு கலந்தால், குட்டிகளுக்குக் கறுப்பு அதிகமாகிறது. அந்தக் குட்டிகளை மறுபடி வாள்வாலோடு கலந்தால், பேரக்குட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கறுப்பு அடங்காமல் பரவி, மெலனோமாவாகவே மாறிவிடுகிறது!

இது எப்படி? நம்ம பாஷையிலேயே சொல்கிறேன். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டிக்குள் ஓர் ஆக்ஸிலேட்டர் மரபணு இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் மரபணுவும் இருக்கிறது. அதனால் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. வெறும் புள்ளியோடு நிற்கிறது. வாள்வாலுக்கு இந்த இரண்டும் கிடையாது. அதற்கும் ஆபத்தில்லை. முதல் கலப்பில் பிறக்கும் குட்டிக்கு ஆக்ஸிலேட்டரும் உண்டு, பாதி பிரேக்கும் உண்டு. அடுத்த கலப்பில் பாதிக் குட்டிகளுக்கு ஆக்ஸிலேட்டர் வருகிறது. அதிலும் பாதிக்கு பிரேக் வருவதில்லை. பிரேக் இல்லாத பஸ் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும்? அதுதான் புற்றுநோய்.

அந்த ஆக்ஸிலேட்டரை 1989இல் ஜெர்மனியில் மன்ஃப்ரெட் ஷார்ட்ல் குழுவினர் அடையாளம் கண்டார்கள். பெயர் எக்ஸ்எம்ஆர்கே. 'வளரு' என்ற கட்டளையை உயிரணுவுக்குள் கடத்தும் புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. அதன் நெருங்கிய சொந்தம் நம் உடம்பிலும் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் சிலருக்கு அது பழுதாகியிருக்கும். அதை அடக்கும் மாத்திரைகள் இன்று உண்டு. மீனின் பிரேக் எந்த மரபணு என்ற தேடல் மட்டும் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1939இல் மெக்சிகோவின் ஜமாபா ஆற்றில் பிடித்த பிளாட்டியின் வம்சம் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுகிறது. 2013இல் அதன் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. கலர் மீன் என்றால் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நம் மலைக்குப் பக்கத்திலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், டி.ஜே. பாண்டியன் அவர்கள் அலங்கார மீன்களின் மரபியலில் உலகறிந்த ஆய்வுகள் செய்தவர்.

இப்போது பெரியம்மாவின் கேள்விகளுக்கு வருவோம்.

வெயிலா? மலையில் 1000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று கொடைக்கானல் வெயிலை லேசாக எண்ணக்கூடாது. எந்தக் கதிர் மெலனோமாவைத் தூண்டுகிறது என்பதையும் இந்தக் கலப்பின மீன்களை வைத்தே ஆராய்ந்தார்கள். 1993இல் ரிச்சர்ட் செட்லோ குழு 'ஏ' வகைக் கதிருக்கும் பங்குண்டு என்றது. 2010இல் அதிக மீன்களைக் கொண்டு செய்த ஆய்வு, 'பி' வகைதான் தூண்டுகிறது, 'ஏ' அல்ல என்றது. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான். பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரலில்தான் வந்தது. 1981இல் 36 வயதில் இறந்தார். நகத்தடியில் வெயில் ஏது? ஆகவே பெரியப்பா வயலில் நின்றது குற்றமில்லை.

வம்சமா? இந்த வகை பெரும்பாலும் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை என்று டாக்டரே சொன்னார். ஆயுள் முழுக்க நடக்கும் கோடிக்கணக்கான உயிரணுப் பிரிவில் எங்கோ ஒரு பிரேக் பழுதாகிறது, அவ்வளவுதான். சில புற்றுநோய்கள் குடும்பவழி வருவதும் உண்மை. அதற்காகவே சோதனைகள் இருக்கின்றன. சம்பந்தத்தை முறிப்பது சோதனை ஆகாது. புள்ளி பிளாட்டியைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் மரபணுவை ரத்தத்தில் சுமந்துகொண்டே தலைமுறை தலைமுறையாக நலமாக நீந்துகிறது.

பாவமா? ஒரு பாவமும் அறியாத மீனுக்கே வருகிறதே! வேறென்ன சொல்ல?

அக்காவுக்குப் பிறகு ஒட்டன்சத்திரம் பக்கம் நல்ல இடம் அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பெரியப்பாவே முதலில் தன் காலை நீட்டிக் காட்டி, நடந்ததைச் சொன்னார். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "இப்ப நடக்க முடியுதாங்க?"

நண்பர்களே! விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா அம்மாவின் கால் நகங்களையும் உள்ளங்காலையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக ஒரு கறுப்புக் கோடோ, பரவுகிற புள்ளியோ, ஆறாத புண்ணோ இருந்தால் மஞ்சள் பற்றை நம்பாமல் டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். யாராவது நோயைச் சொல்லி ஒரு குடும்பத்தை ஒதுக்கினால், இந்த மீனின் கதையைச் சொல்லுங்கள். வம்சத்தை ஆராய்வதை விட்டுவிட்டுப் பாதத்தைப் பாருங்கள்!