ஒற்றை இறக்கை ஓடு

தும்மல்கூட இல்லை. சாதாரணமாக விட்ட மூச்சுதான். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து, அரை அரிசி அளவுள்ள ஒரு கறுப்புத் துண்டு காணாமல் போய்விட்டது.

அது ஒரு தரை வண்டின் இடது இறக்கை ஓடு. பசிபிக் தீவு ஒன்றின் பழைய சேற்றை மூன்று மாதமாக அலசியதில், அப்படிப்பட்ட வரிகளும் குழிகளும் கொண்டதாகக் கிடைத்தது அது ஒன்றுதான். டார்ச் அடித்துக்கொண்டு, முட்டி போட்டு, இரவு ஒன்பது மணிவரை தரையைத் தடவினேன். பேராசிரியர் திட்டவில்லை. "அளந்துட்டியா? படம் எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டுமே செய்திருக்கவில்லை.

இந்தச் சேற்றில் கிடைப்பவை கல்லாக மாறிய புதைபடிவங்கள் அல்ல. சில நூறு, சில ஆயிரம் வருடங்கள்தான் ஆகியிருக்கும். கைட்டின் ஓடு அப்படியே இருக்கும். சிலவற்றில் பளபளப்புகூடப் போயிருக்காது. மண்ணைச் சல்லடையில் கழுவி, மண்ணெண்ணெய் விட்டுப் பிசைந்து, தண்ணீர் ஊற்றினால் வண்டுத் துண்டுகள் மேலே மிதந்து வரும். (அந்த வாடையோடுதான் பஸ் ஏறுவேன். பக்கத்து சீட் எப்போதும் காலி.)

ஆனால் முழு வண்டு வராது. தலை தனி, முன்மார்பு தனி, இறக்கை ஓடுகள் தனித்தனி. எந்தத் தலை எந்த மார்புக்குரியது என்பதை அளவையும், மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய வலைக்கோடுகளையும் வைத்துச் சேர்க்க வேண்டும். உயிரோடு பிடித்த வண்டென்றால் ஆணின் பிறப்புறுப்பைப் பார்த்து இனம் பிரிக்கலாம். சேற்றில் அது பெரும்பாலும் மக்கிப்போயிருக்கும்.

இதை அம்மாவிடம் போனில் விளக்கியபோது, "இருக்கா இல்லையான்னே தெரியாததுக்கு எதுக்குடா பேரு?" என்றாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதென்றால் கவாய் தீவைச் சொல்லியிருப்பேன். ஹவாய்த் தீவுகளில் ஒன்று. அதன் தென்கரையில் மகௌவாஹி என்றொரு சுண்ணாம்புக் குகை. கூரை இடிந்த அதன் பள்ளத்தில் ஏறக்குறைய 10,000 வருடச் சேறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. 1990களிலிருந்து டேவிட் பர்னி குழுவினர் அங்கே தோண்டினார்கள். அந்தச் சேற்றிலிருந்த தரை வண்டுகளின் துண்டுகளை ஜேம்ஸ் லீப்ஹெரும் நிக் போர்ச்சும் ஒன்றுசேர்த்து, 2015இல் புதிய இனங்களாக விவரித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் பிளாக்பர்னியா பர்னியை. பிளாக்பர்ன் 19ஆம் நூற்றாண்டில் ஹவாயில் வண்டு பிடித்த ஒரு பாதிரியார். உயிரோடு யாரும் பார்க்காத வண்டுக்கு, அதைத் தேடியவர்களின் பெயர்கள்.

இன்றைக்கு அந்தத் தீவுகளின் சொந்த வண்டுகளைப் பார்க்க மலை ஏற வேண்டும். தாழ்நிலக் காடு போய்விட்டது. பாலினேசியர்களின் படகுகளில் எலி வந்தது. பிறகு கப்பல்களில் பெருந்தலை எறும்பு வந்தது. அந்த எறும்பு இருக்கிற இடத்தில் சொந்தப் பூச்சிகள் இல்லாததை 1890களிலேயே பெர்கின்ஸ் கவனித்துவிட்டார். சேறு இல்லையென்றால், ஹவாய் வண்டுகளே மலைவாசிகள்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். உண்மையில் அவை மலையில் மிஞ்சியவை.

அறிக்கையின் முதல் வரைவில் நான் துணிச்சலாக "அற்றுப்போன இனம்" என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அதற்கு முன்னால் "ஒருவேளை" சேர்த்தார். எனக்கு எரிச்சல். இத்தனை வருடம் யாருமே பார்க்கவில்லை, இன்னும் என்ன ஒருவேளை?

அப்போதுதான் செயின்ட் ஹெலினா கதையைச் சொன்னார். வண்டு அல்ல, வாலில் இடுக்கி உள்ள பூச்சி, ஆங்கிலத்தில் இயர்விக். அந்தத் தீவில் பறவை எலும்பு தேடிய டோர்வர்டும் ஆஷ்மோலும் காய்ந்த, மிகப் பெரிய இடுக்கிகளைக் கண்டெடுத்தார்கள். இனி இல்லாத பூச்சி என்ற நினைப்பில் 1962இல் பெயரும் வைத்தாகிவிட்டது. 1965இல் பெல்ஜியக் குழு ஒன்று கல்லைப் புரட்டியபோது அது உயிரோடு ஓடியது! ஃபப்ரிசியஸ் 1798லேயே பெயர் வைத்த பூச்சிதான் அது என்பது பின்னால் தெரிந்தது. நீளம் 84 மில்லிமீட்டர்வரை. 1967க்குப் பிறகு உயிரோடு யார் கண்ணிலும் படவில்லை. 2014இல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

இரண்டு தடவை செத்த பூச்சி. முதல் தடவை செத்தது நம் காகிதத்தில். அதை நம்பி யாரும் தேடாமல் விட்டிருந்தால் அந்த 1965ஆம் வருடமே இல்லை. "ஒருவேளை" என்பதைக் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் அடித்ததில்லை.

ஆனால் என் துண்டு தொலைந்தது தொலைந்ததுதான். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்க, மாதிரி உடல் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். அது ஒற்றை இறக்கை ஓடாகக்கூட இருக்கலாம், ஆனால் இருக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து வரைந்து காட்டினேன். "நம்புறேன், ஆனா பிரசுரிக்க முடியாது" என்றார் பேராசிரியர். குறிப்பேட்டில் "இடது இறக்கை ஓடு 1, தொலைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் கழித்து அதே அடுக்கிலிருந்து ஒரு முன்மார்பு வந்தது. உடனே அளந்தேன், நாலு பக்கமும் படம் எடுத்தேன். அந்த ஓட்டுக்கு அது பொருந்தியிருக்கலாம். பொருத்திப் பார்க்கத்தான் ஓடு இல்லை.