குற்றவாளி பேட்டரிதானா?

கார் பேட்டரியைக் கழற்றி மாட்டப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றும் கால் மணி நேரமும் இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். வீடியோ பார்த்துத் தன் வீட்டுப் போர்டிகோவிலேயே மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். கோவையில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகப் பிழைக்கும் எனக்கு, மாட்டுவதற்கு முன்னால் நடத்தவேண்டிய விசாரணையில்தான் தொழிலே இருக்கிறது. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் எல்லாரும் கைகாட்டுவது பேட்டரியை. காசு கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் புதியது வந்துவிடும் என்பதால் சந்தேகப்படவும் வசதியான பொருள் அது. டெர்மினல் செய்த தப்பும் டைனமோ செய்த தப்பும் சேர்ந்து அதன் தலையில் விழுகின்றன.

"ஏனுங்க, வண்டி எடுக்கவே மாட்டேங்குது. பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது, புதுசு ஒண்ணு கொண்டாந்துருங்க" என்று போன் வரும். "சாவியத் திருப்புனா என்ன சத்தம் வருதுங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. டக டகவென்று விடாமல் தட்டினால், சொலினாய்டு இழுக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் வரவில்லை என்று பொருள். ஒரே ஒரு 'டக்', ஆனால் ஹெட்லைட் மங்காமல் பளிச்சென்று எரிகிறது என்றால் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகம் போகும். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையா? டெர்மினல் கழன்றிருக்கலாம், பேட்டரி அடியோடு இறங்கியும் இருக்கலாம். என்ஜின் ஜோராகச் சுற்றுகிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது என்றால் பேட்டரியை விட்டுவிட்டு பெட்ரோல் பம்ப் பக்கம் போகவேண்டும். பாதி வழக்கு போனிலேயே தெளிந்துவிடும்.

மீதிக்கு மல்டிமீட்டர். 12 வோல்ட் பேட்டரி என்று பேர்தான் 12. உள்ளே ஆறு செல், செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஆகி, வண்டி ஓய்ந்து நிற்கும்போது மீட்டர் 12.6-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. "சரியா 12 காட்டுதுங்களே, அப்பறம் என்ன?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது அதில் கால்வாசிதான் மிச்சம் என்று எடுத்துச் சொல்லவேண்டியிருக்கும். இன்னொன்று, வண்டியை ஓட்டிவந்து நிறுத்திய கையோடு மீட்டர் வைத்தால் அது பொய் சொல்லும். தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் அளவை உயர்த்திக் காட்டும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால்தான் உண்மை வரும்.

வோல்ட் குறைந்திருப்பதாலேயே பேட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பசியில் கிடக்கிறதா, உயிரே போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மீட்டரை வைத்துக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்வேன். என்ஜின் சுற்றும் அந்த நொடிகளில் அளவு இறங்கும், இறங்கத்தான் செய்யும். சின்ன பெட்ரோல் காருக்கே அப்போது நூறு ஆம்பியருக்கு மேல் போகும். அந்த இழுப்பிலும் 9.6-க்குக் கீழே இறங்காமல் தாங்கினால் அது இன்னும் உழைக்கும். எட்டு, ஏழு என்று சரிந்தால் அதன் காலம் முடிந்தது. மூடி திறக்கும் பழைய வகை என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து செல்லில் மிதவை மேலே நின்று, ஒன்றில் மட்டும் அடியில் படுத்தால் அந்த ஒரு செல்லே மொத்தப் பேட்டரியையும் இழுத்துக்கொண்டு போகிறது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் பச்சைக் கண்ணை முழுக்க நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது.

ஏன் சாகிறது என்று தெரிந்தால் வேலையில் நிதானம் வரும். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே செய்துகாட்டிய அதே ரசாயனம்தான் இன்றும் நம் பானெட்டுக்கு அடியில் நடக்கிறது. ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடு தகடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரையும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தச் சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகி, பிறகு எத்தனை சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. 2020 ஊரடங்கில் வாசலிலேயே நின்ற கார்கள் பலவற்றுக்கு இதுதான் நடந்தது. ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டது அதிகம்.

நம் ஊரில் இன்னொரு எமன் வெயில். சூடு ஏற ஏற உள்ளே பிளஸ் தகட்டின் அரிப்பு வேகமெடுக்கும், அமிலத்தில் உள்ள தண்ணீர் வற்றும். ஆனால் சித்திரையில் என்ஜினும் சூடாக, ஆயில் இளகி இருப்பதால் பலவீனமான பேட்டரியும் எப்படியோ சுற்றிவிடும். மார்கழி விடிகாலையில் ஆயில் கெட்டிப்பட்டு, ரசாயனமும் மந்தமாகும்போதுதான் அது கைவிரிக்கும். "பனி வந்ததும் பேட்டரி போச்சு" என்பார்கள். போனது சித்திரையில், தெரிந்தது மார்கழியில். அதனால் மூன்று வருடம் தாண்டிய பேட்டரியைக் கோடை முடிந்ததும் ஒருமுறை சோதித்துவிடச் சொல்வது என் வழக்கம்.

இனி அடுத்தவன் தப்புக்குப் பேட்டரி பழி சுமக்கும் இடங்கள். முதலாவது டெர்மினல். மேலே பளபளப்பாக, இறுக்கமாகத்தான் தெரியும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை; வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், அந்த முடி அளவு இடைவெளியில் படிந்த கறுப்புப் படலம்தான் வழிமறிக்கிறது. கிளாம்ப்பைக் கழற்றி, கம்பத்தையும் கிளாம்ப்பின் உள்வட்டத்தையும் ஈயம் வெள்ளியாக மின்னும்வரை தேய்த்து மாட்டினால், செத்ததாகச் சொன்ன பேட்டரி என்ஜினைச் சொடக்குப் போடுவதுபோல் சுற்றும்.

இரண்டாவது, இரவில் ஒழுகும் கரண்ட். ஒரு வாடிக்கையாளர் புதுப் பேட்டரி போட்டும் திங்கட்கிழமை தோறும் வண்டி எடுக்கவில்லை என்று வந்தார். எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயருக்கு நடுவே மீட்டரைக் கோத்துப் பார்த்தால் அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி உறங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கவேண்டிய இடம் அது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் டிக்கி விளக்கு அகப்பட்டது. சுவிட்ச் வளைந்துபோய், மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வாரநாளில் தினமும் ஓட்டியதால் ஈடுகட்டியது. சனி, ஞாயிறு நின்றதும் இறங்கிவிட்டது.

இத்தனை விசாரணைக்குப் பிறகும் பேட்டரிதான் என்று முடிவானால் மாற்றவேண்டியதுதான். எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 38பி20எல் என்று எழுதியிருந்தால் 20 என்பது ஏறத்தாழ சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து எல்லா ஆரா என்பது பிளஸ் எந்தப் பக்கம் என்று சொல்லும். அது மாறினால் வயர் எட்டாது. இழுத்துக் கட்டினால் பிறகு தொல்லை. நிறுத்தினால் தானே அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கென்ற இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையே வேண்டும். சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். தயாரித்த தேதியையும் கேளுங்கள். கடை அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்ததும் உள்ளே வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

வேலையில் இறங்கும்முன் மோதிரத்தையும் ஸ்டீல் வாட்சையும் கழற்றிவிடுவேன். பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் அது பழுக்கக் காய விரல் எடுக்கும் நேரம்கூட ஆகாது. அதனால்தான் கழற்றும்போது மைனஸ் முதலில். பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் இருக்கும்போது பிளஸ் நட்டைத் திருப்பி ஸ்பேனர் பாடியில் பட்டால் நேராக ஷார்ட். மைனஸ் போய்விட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பயமில்லை. மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும். பொறியும் பீடியும் பக்கத்தில் ஆகாது.

தட்டில் பூத்த வெள்ளை, நீலப் பொடி அமிலமும் உலோகமும் சேர்ந்து வந்தது. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். பொங்கல் அடங்கும்வரை ஊற்றிக் கழுவித் துடைக்கவேண்டும். பிளஸ் கம்பம் மைனஸைவிடச் சற்றுப் பருமன், கிளாம்ப்பும் அப்படியே. சேரமாட்டேன் என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள்; பக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டினால் ஃபியூஸும் டைனமோவின் டயோடும் போகும். தட்டி இறக்கினாலோ கம்பத்தின் அடி வெடித்து அமிலம் கசியும். பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் கம்பியைச் 'சும்மா' என்று விட்டுவிடுகிறார்கள். ஆடுகிற பேட்டரியில் தகட்டின் பொருள் உதிர்ந்து அடியில் சேரும். பள்ளம் மேடான நம் சாலையில் அது ஆயுளைப் பாதியாக்கும். எல்லாம் இறுக்கிய பிறகு டெர்மினல் மேல் மெல்லிசாக வேசலின். கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும், பவர் விண்டோ சில வண்டிகளில் மறுபடி பழகவேண்டும், பதற வேண்டாம்.

பழையதை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். கண்ட இடத்தில் உருக்கினால் புகையும் தூசியும் அங்கே விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும். அமிலம் சாக்கடைக்குப் போகும். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. விற்கிற கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை மாட்டியிருந்தால், அதையும் அதே வழியில் அனுப்புகிறீர்கள். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, பேட்டரியில் மீட்டர் வையுங்கள். சாதாரண வண்டியில் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே நிற்கவேண்டும். 13-ஐ ஒட்டி நின்றால் டைனமோ பட்டினி போடுகிறது. 15-ஐத் தாண்டினால் கொதிக்க வைக்கிறது. கம்ப்யூட்டர் பார்த்துச் சார்ஜை ஏற்றி இறக்கும் புது வண்டிகளில் அளவு மாறும், அதைக் கம்பெனி குறிப்போடு ஒப்பிடவேண்டும். யார் மாட்டினாலும் சரி, அந்த எண்ணை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பில்லுக்குப் பணம் கொடுங்கள்.