தாழிக்குள் எத்தனை துறைகள்

ஆழ்வார்திருநகரியிலிருந்து தாமிரபரணியின் தென்கரையோடு மேற்கே சில கல் சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ தோண்டியவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. இவ்விடத்து மண்டையோடுகளை ஆராய்ந்து 1930-இல் எழுதிய சாலி சுக்கர்மன் தொல்லியலார் அல்லர், உடற்கூற்றியலார். இச்சிறு செய்தியை நாங்கள் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

காரணம் உண்டு. எங்கள் வாசகர் வட்டத்திற்கு வரும் தாவரவியல் மாணவி ஒருவர், தாழிகளில் கிடைக்கும் நெல்லைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பினார். ஒரு கல்லூரியில் இது தொல்லியல் என்றார்கள். தொல்லியல் துறையிலோ, நீங்கள் தாவரவியல் ஆயிற்றே என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஓராண்டு கழிந்தது.

ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. உமியில் எஞ்சிய கார்பன்-14 அணுக்களைத் துகள்முடுக்கி கொண்டு எண்ணுவது இயற்பியல். அது எந்த நெல் என்று சொல்வது தாவரவியல். உடன் கிடந்த இரும்பை எப்படி உருக்கினார்கள் என்பது உலோகப் பொறியியல். பல்லின் சொத்தையும் எலும்பின் தேய்மானமும் மருத்துவரிடம் போகவேண்டியவை. பல் எனாமலிலுள்ள ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டு, ஒருவர் குழந்தைப் பருவத்தில் எந்த நிலத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்றுகூட ஊகிக்கலாம், அது வேதியியல். புதைத்தவர்கள் துறை பார்த்துப் புதைக்கவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. பல்துறைத் தலைப்பென்றால் வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடம் தருகின்றன. விதி இருப்பது பல துறைத்தலைவர்களுக்குத் தெரியும், கேட்டால்தான் சொல்வார்கள். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரே விண்ணப்பிக்கலாம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். (மாதாமாதம் வந்து சேர்கிறதா என்பது வேறு கதை.)

பொறியியலும் மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் வேண்டுமென்பவர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் நமக்குப் பக்கம். அங்குள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் மருத்துவமனையும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. சென்னை ஐஐடி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றோடு சேர்ந்து அது முனைவர் ஆய்வும் நடத்துகிறது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்திரா இதய வால்வு அங்கு உருவானதே. முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. அறுவை மருத்துவரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் இராவிட்டால் நான்காவது பிறந்திருக்குமா என்பது ஐயமே.

2025-இல் வெளியான தமிழக இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கைக்காக மாதிரிகள் மியாமி, லக்னோ, அகமதாபாத் ஆய்வகங்களுக்குப் போயின. சிவகளைக்கு அது கூறும் கி.மு. 3345 குறித்து அறிஞர்கள் விவாதிப்பார்கள், விவாதிக்கட்டும். எங்களை உறுத்துவது வேறு: மண் இங்கிருந்து போகிறது, அதை ஆராயும் பிள்ளைகள் இங்கிருந்து போகவில்லை.

லக்னோவிலுள்ளது பீர்பல் சானி நிறுவனம். தொல்தாவரவியலுக்கென்றே 1946-இல் தொடங்கப்பட்டது. இணை நெறியாளர் கேட்டு அந்த மாணவி எழுதிய முதல் கடிதம் அங்கேதான் போயிருக்கிறது.