கந்தளாய்க் குளக்கரையில் ஒரு ஞாயிறு

திருகோணமலை என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன கோணேசர் கோயிலும், சுவாமி மலையின் செங்குத்தான பாறையும், உலகம் புகழும் இயற்கைத் துறைமுகமுமேயாம். கடலைப் பற்றி எழுதியோர் பலர். ஆனால் அந்நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், கண்ணுக்கெட்டிய மட்டும் நீர் பரப்பிக் கிடக்கும் கந்தளாய்க் குளத்துக்கு அத்தகைய புகழ் வாய்த்திலது. குளத்து மீனென்றாற் கடற்கரையார் முகஞ்சுளிப்பதும் உண்டு. நானும் அவ்விதம் சுளித்தவனே.

என் தாய்மாமன் திருகோணமலையில் வாழும் இளைப்பாறிய ஆசிரியர். அவருக்கு இரண்டு பித்துகள். ஒன்று தூண்டில், மற்றொன்று உதைபந்தாட்டம். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தன. “மருமகனே, காலையிற் குளம், இரவிலே கட்டார். ஆயத்தமாக இரு” என்று முதல் நாளே ஆணை பிறந்தது. அன்றிரவு உலகக் கிண்ண இறுதியாட்டம். ஆர்ஜென்டீனாவும் பிரான்ஸும் மோதவிருந்தன. மாமா பிரேசிலின் பக்தர். பிரேசிலோ ஒன்பது நாட்களுக்கு முன்னரே குரோசியாவிடம் தண்ட உதைகளில் தோற்று வெளியேறியிருந்தது. வீட்டிலே துக்கம் இன்னும் கழியவில்லை.

எரிபொருளைப் பங்கீட்டு முறையில் வழங்கிய காலம் அது. ஆகவே விடியுமுன் பேருந்தேறினோம். மாமாவின் பையில் இருந்தவற்றைச் சொல்ல வேண்டும்: சுருட்டிய தங்கூசி, மயிலிறகுத் தண்டாற் செய்த தக்கைகள், சிறு ஈயக்குண்டுகள், மூவகைப் பருமனில் முட்கள், பால்மாப் பேணியொன்றில் ஈரமண்ணுடன் புழுக்கள். மூங்கிற் கம்பு இரண்டையும் நடத்துநர் முறைத்துப் பார்த்தார். மாமா பாராதவர்போல் இருந்தார்.

வழியெல்லாம் குளத்தின் வரலாறு. இரண்டாம் அக்கபோதி மன்னன் ஏழாம் நூற்றாண்டிற் கட்டியதென்பது சிங்கள வரலாற்று நூல்களின் கூற்று. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலின் வயல்களுக்கென அமைத்ததென்பது நம் பக்கத்துப் பழமரபு. நான் முன்னதற்கும் மாமா பின்னதற்கும் வாதாடி, தம்பலகாமத்து வயல்வெளியைக் கடக்கும்போது உறங்கிக்கொண்டிருந்த இருவரை எழுப்பிவிட்டோம்.

அணைக்கட்டில் ஏறியதும் வாதம் நின்றது. வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. மழை விட்டிருந்தது, நீர் கலங்கிப் புல்லடர்ந்த ஓரங்களை விழுங்கி ஏறிக்கொண்டிருந்தது. அம்மாத முற்பகுதியிற் புயலை ஒட்டி வீசிய கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டிருந்தன. அந்தக் குளிரின் மிச்சம் இன்னும் காற்றில் இருந்தது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் பின்னிரவில் இந்த அணையே உடைந்தது. உறக்கத்திலிருந்த மக்களில் நூற்றுக்கு மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோயிற்று. இன்று அணையில் நிற்பவனுக்கு ஒருபுறம் நீரும் மறுபுறம் தாழ்வில் வயலும் வீடுகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. அங்கே சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

கரையில் ஒரு தோணி வந்தணைந்தது. வலையை இழுத்தவர் எழுபதைத் தாண்டிய முதியவர். துடுப்பு வலித்தவன் அவருடைய பேரன், பத்தொன்பது வயதினன், நீலமும் வெள்ளையும் கோடிட்ட ஆர்ஜென்டீனா மேற்சட்டை அணிந்திருந்தான். முதுகிலே பத்தாம் இலக்கம்.

“என்ன காக்கா, இன்றைக்கு எப்படி?” என்றார் மாமா.

“ஏறு தண்ணி மாஸ்டர். மீன் எல்லாம் புல்லுக்குள்ள போய்ட்டுது. பதினாறு வலைக்கு இவ்வளவுதான்” என்று அவர் கூடையைச் சரித்துக் காட்டினார்.

குளத்து மீன்பிடியின் முதற்பாடம் இதுவே. மாரியில் நீர் பெருகும்போது மீன் சிதறிப் புதிதாய் மூழ்கிய புல்வெளிகளுக்கு இரைதேடிச் செல்லும். நடுக்குளத்து வலைகள் வெறுமையாய் மீளும். சிறுபோகத்திற்கு நீர் பாய்ச்சி ஆவணி, புரட்டாசியிற் குளம் வற்றும்போது மீன் நெருங்கித் திரளும்; அப்போது கூடை நிறையும். எனவே குளத்து மீனவன் நெல் விவசாயியின் எதிர்த் திசையில் வாழ்கிறான் என்று நான் சொல்ல, “அவன் வீட்டிலும் சோறுதான்” என்று மாமா இடைமறித்தார்.

கூடையில் இருந்தவை பெரும்பாலும் திலாப்பியா. நம்மவர் யப்பான் மீன் என்று வழங்கினும் யப்பானுக்கும் அதற்கும் உறவில்லை; அது ஆபிரிக்க மீன். 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்டது. அதற்குமுன் நம் குளங்களில் விராலும் கெண்டையும் கெளிறும் இருந்தன. ஆயினும் பெருங்குளங்களின் தேங்கிய நடுநீரிற் செழித்துப் பெருகும் மீன் அரிதே. இப்புதியவன் வந்த பின்னரே குளத்து மீன்பிடி ஒரு தொழிலாயிற்று. 1990இல் அரசு உள்நாட்டு மீன்வளத்துக்களித்த ஆதரவை நிறுத்தியதும், 1994இல் மீண்டும் தொடங்கியதும், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நீருயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகாரசபை அமைத்ததும் பின்வந்த கதை. அந்த நான்காண்டுகளை முதியவர் மறக்கவில்லை. “குஞ்சு விடவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை” என்றார்.

வலையைப் பற்றித்தான் பாட்டனுக்கும் பேரனுக்கும் வழக்கு. அவருடைய வலைகள் யாவும் மூன்றரை அங்குலக் கண் கொண்டவை. நனைந்த வலையின் ஒரு கண்ணை இரு மூலையும் பிடித்து இழுத்து, அளவுகோல் வைத்துக் காட்டினார். நீட்டிப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் ஆகாதென்பது சட்டம். அதற்கும் சற்று மேலாகவே வைத்திருந்தார். பக்கத்துத் தோணிகளிற் சில இரவோடிரவாகச் சிறு கண் வலை போடுகின்றன. அவற்றின் கூடை கனக்கிறது. “நாங்க மட்டும் ஏன் பட்டினி கிடக்கணும் வாப்பா?” என்பது பேரனின் கேள்வி. அந்த ஆண்டு நூலின் விலையும் வலையின் விலையும் ஏறியிருந்தமையால் அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது.

முதியவர் விடை கூறவில்லை. கூடையிலிருந்து ஒரு பெண்மீனை எடுத்து, விரலால் வாயை மெல்லத் திறந்தார். உள்ளே கடுகுபோல் மஞ்சள் முட்டைகள் நிறைந்திருந்தன. இம்மீனின் தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளே வைத்துக் காக்கும். அக்காலத்தில் உண்பதும் அரிது. இன்னொன்றின் வாயிலிருந்து எள்ளளவான குஞ்சுகள் வழுக்கி அவர் உள்ளங்கையில் துடித்தன. அவற்றைக் குனிந்து நீரில் விட்டார். பேரன் வேறுபக்கம் பார்த்துக்கொண்டான். அவன் வலையைப் பார்க்கவில்லை என்று எண்ணினேன். பிறகுதான் அவன் உள்ளத்தில் இருந்தது வேறொன்று என அறிந்தேன்.

அவனுடைய அண்ணன் மூன்றாண்டுகளாகக் கட்டாரிற் கட்டடத் தொழிலாளி. வலைகளில் ஒன்பது அவன் அனுப்பிய காசில் வாங்கியவை. இளையவனுக்கும் கடவுச்சீட்டு ஆயத்தமாகிவிட்டது. விசா வருமட்டும் தோணியில் இருக்கிறான். தோணிக்கு இருவர் வேண்டும்: ஒருவர் துடுப்பு வலிக்க, ஒருவர் வலை இழுக்க. காற்றுள்ள நாளில் இரண்டையும் ஒருவர் செய்ய முயன்றால் வலை முதலில் தோணியின் அடியிற் சிக்கும், பின்பு முதலைக்கு எட்டும். முதியவர் இதை முறையீடாகச் சொல்லவில்லை. வலையைச் சிக்கெடுத்தபடி, நூலின் விலையைச் சொன்ன அதே குரலிற் சொன்னார்.

மாமாவும் பையனும் புல்லோரத்தில் விரால் தேடினர். விரால் மூச்சுவிட நீர்மேல் வரும். அந்தக் குமிழியைக் கண்டால் அதற்கு அப்பாற் சிறு தவளையை முள்ளிற் கோத்து எறிந்து மெல்ல இழுக்க வேண்டும். கவ்வியதும் வெட்டி இழுப்பவன் ஏமாறுவான். அது இரையை வாய்க்குள் திருப்பிக்கொண்டு சற்று ஓடவிட வேண்டும். இதை எனக்கு விளக்கிய மாமா, ஒரு பெரும் விரால் கவ்வியபோது பிரேசிலின் தண்ட உதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் வெட்டினார், தங்கூசி அறுந்தது. “மாஸ்டரும் பிரேசிலைப் போலத்தான், கடைசி உதையில் பிழைக்கிறார்” என்றான் பையன். அன்று முதன்முறையாக அவன் சிரித்தது அப்போதுதான்.

பின்னர் மாமா தம் தந்தையார் சொன்ன கதைகளைத் தொடங்கினார்: 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் செல்லுமுன், கப்பற் சிப்பாய்களுடன் நம் இளைஞர் வெறுங்காலுடன் பந்தாடியது, சப்பாத்துக் காலில் மிதிபட்ட நகங்கள். ஏகாம்பரம் மைதானத்தில் நம் கண்முன் ஆடுவோரை விட்டுத் தொலைக்காட்சிக்கு முன் கூச்சலிடுவது என்ன ரசனை என்று கேட்டவர், இரவு எட்டரைக்கு முதலாளாய் முதியவரின் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன் பாய்விரித்து அமர்ந்தார்.

மின்வெட்டு வந்துவிடுமோ என்ற அச்சத்துடன் அயலார் இருபதுபேர் கூடியிருந்தோம். பொழுது சாயுமுன்னரே பாட்டனும் பேரனும் வலைகளை இறக்கிவிட்டு வந்திருந்தனர். ஆர்ஜென்டீனா இரண்டு கோல்கள் போட்டபோது பையன் வீட்டு ஓடு அதிரக் கத்தினான். எண்பதாம் நிமிடத்திலும் அடுத்த நிமிடத்திலும் எம்பாப்பே இரண்டையும் சமன்செய்தபோது வீடு சவமாயிற்று. மேலதிக நேரம் தொடங்குமுன் கைபேசி ஒலித்தது, கட்டாரிலிருந்து அண்ணன். எட்டுப்பேர் தங்கும் அறையிலிருந்து பேசினான். அரங்கு தொலைவாம்; நுழைவுச்சீட்டு அவனுக்கு எட்டாததாம். தம்பியுடன் ஆட்டத்தைப் பேசி முடித்ததும் பாட்டனிடம் கொடுக்கச் சொன்னான். அவன் கேட்டது ஒன்றே: “குளம் எவ்வளவு ஏறியிருக்கு?”

முதியவர் விரிவாக விடை சொன்னார். மெஸ்ஸி போட்ட ஆர்ஜென்டீனாவின் மூன்றாவது கோலை அவர் அதனாற் பார்க்கவில்லை.

மூன்றுக்கு மூன்று என நின்று, தண்ட உதைகளில் நான்குக்கு இரண்டென ஆர்ஜென்டீனா வென்றபோது நடுநிசி நெருங்கிவிட்டது. தெருவிற் பட்டாசு வெடித்தது. நான்கு மணிக்கு முதியவர் விளக்கெடுத்தபோது, பையன் உறங்காத கண்களுடன் அதே மேற்சட்டையில் துடுப்பைத் தோளிற் சாய்த்து வாசலில் நின்றான். காற்று ஓய்ந்திருந்தது. அன்று கூடை அரைவாசி நிறைந்ததாக மாமா பிற்பாடு சொன்னார். நாங்கள் முதற் பேருந்தில் உறங்கிக்கொண்டே திரும்பிவிட்டோம்.

பையன் அடுத்த ஆண்டு பங்குனியிற் புறப்பட்டுப் போனான். முதியவருக்கு அயல் வீட்டுக்காரர் ஒருவர் அரைப் பங்குக்குத் துடுப்பு வலிக்கிறார். போன மாதம் மாமா மறுபடி குளத்துக்குப் போய், ஒரு விராலுடன் திரும்பினார். வலை இன்னும் மூன்றரை அங்குலந்தானாம்.